சக்ரவர்த்தியின் முதல் எழுத்து

1936 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. அன்றைய நாட்குறிப்பு மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போலவே தொடங்குகிறது. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அண்ணாவுக்குக் காபி கொடுத்தேன். மன்னிக்குத் துவையல் அரைத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஈரத்தலையை நுனியில் முடிந்துகொண்டு பள்ளிக்குப் புறப்பட்டேன். வானம் தெளிவாக இருந்தது. முதல் பீரியட் நாலாம் பாரத்துக்குப் பின்னக் கணக்கு. அடுத்தது ஓய்வு. தையல் அறைக்குப் போய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த பட்டைப் பார்த்தேன். “எழுத்து முடிந்துவிட்டது, நன்றாக வந்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறேன்.

அந்தப் பட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த மே மாதம் லண்டனில் புதிய சக்ரவர்த்திக்கு முடிசூட்டு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். அன்று திருவனந்தபுரத்திலும் ஊர்வலம் நடக்கும், பள்ளிகள் எல்லாம் தங்கள் கொடியுடன் போகவேண்டும் என்று பேச்சு. எங்கள் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை இங்கிலீஷ்காரர். பள்ளியிலும் வெளியிலும் எல்லாருக்கும் அவர் மதாம்மாதான். அவர் ஒரு முழு அகலத்துக்கு வெள்ளைப் பட்டு தருவித்து, அதில் கிரீடமும், அதன் கீழே சக்ரவர்த்தியின் பெயருக்குரிய முதல் எழுத்தும் ஜரிகையில் வர வேண்டும் என்று சொல்லித் தையல் டீச்சரிடம் கொடுத்தார். ஓணம் முடிந்ததிலிருந்து அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். ஜரிகை நூல் பட்டுக்குள் நுழைவதில்லை. அது அவ்வளவு வளையாது. அது பட்டின் மேலேயே படுத்திருக்கும். மெல்லிய மஞ்சள் நூலால் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு அதைப் பட்டோடு கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டும் நூல் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஜரிகை தானாகவே அங்கே இருப்பதுபோல இருக்க வேண்டும். அவள் செய்தது அப்படித்தான் இருந்தது.

தையல் டீச்சருக்கு அப்போது முப்பது வயதுக்குள். நாயர் குடும்பம். வெள்ளை முண்டு, வெள்ளை ஜம்பர், இடது தோளில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று. என்னிடம் அவள் பேசியது தமிழ். அவள் தானே உண்டாக்கிக்கொண்ட தமிழ். இந்த வேலைக்காக மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவள். முதல் கல்யாணம் சரிப்படவில்லை. அவளும் கணவரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு விலகிக்கொண்டார்கள். அந்தப் பத்திரத்துக்கு இங்கே ஒழிமுறி என்று பெயர். நாயர் குடும்பங்களில் அது வீடு மாற்றுவதுபோல. கஷ்டந்தான், ஆனால் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசமாட்டார்கள். வரும் மகர மாதத்தில் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒருவர் அவளுக்குப் புடவை கொடுத்துக் கல்யாணம் செய்துகொள்வதாக நிச்சயமாகியிருந்தது. ஆசிரியைகள் எல்லாருக்கும் இது தெரியும். மதாம்மாவிடம் சொல்லும் சந்தர்ப்பம்தான் வரவில்லை.

என் விஷயம் வேறு. பன்னிரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்தில் கொடுத்தார்கள். அவர் வேறொருத்தியை அழைத்துவந்து வைத்துக்கொண்டபின் அண்ணா என்னைக் கூட்டிவந்து, கிழக்கேகோட்டைக்குள் தம் வீட்டில் இருக்க இடம் கொடுத்து, படிக்கவும் வைத்தார். எங்களுக்கு ஒழிமுறி கிடையாது. மதாம்மா என்னை மிஸஸ் என்று சொல்லி அதனோடு என் கணவர் பெயரைச் சேர்த்தே கூப்பிடுவார். நான் வாயால் சொல்லாத பெயரை ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது காதால் கேட்பேன். பழகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் ஊரில் ஒரே பேச்சு. கோயில் கதவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்ட மகாராஜாவின் பிரகடனம் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. அதைத் தவிர வேறெதையும் பேசாத எங்கள் தெரு அந்த வாரம் கடல் தாண்டிப் போயிற்று. சக்ரவர்த்தி கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவள் அமெரிக்காக்காரி. இரண்டு கணவர்களிடமிருந்து விலகியவள். பாதிரிமாரும் மந்திரிமாரும் ஒப்பவில்லை. இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அண்ணா, “ராஜ்யத்தை ஆள வந்தவனுக்குப் புத்தி போற போக்கைப் பாத்தியோ?” என்பார். மன்னி, “பேப்பர்ல அவ படம் போட்டா கொண்டு வாங்கோ. ராஜா கேக்கறான்னா அவகிட்ட என்னமோ இருக்கணுமே!” என்பாள். எதிர்வீட்டு மாமி ஒருநாள் முறத்தோடு வந்து நின்றாள்.

“ரெண்டு பேர் தள்ளி வெச்சவளாமே?” என்றாள் மன்னி.

“யாரு சொன்னா? அவளை யாரும் தள்ளல்லே. அவதான் ரெண்டு பேரையும் தள்ளிப்பிட்டு வந்திருக்கா.”

சொல்லிவிட்டு மாமி என்னைப் பார்த்தாள். பிறகு இந்த வருஷத்து உளுந்தில் புழு அதிகம் என்றாள்.

கோட்டைக்கு வெளியே, மலையாளிகள் நடுவில், அபிப்பிராயம் வேறு மாதிரி. அங்கே சக்ரவர்த்தியைக் குறை சொன்னவர்கள் குறைவு. இங்கிலீஷ்காரர்களின் குழப்பந்தான் அவர்களுக்குப் புரியவில்லை. இந்த நாட்டில் மகாராஜாவின் மனைவிக்கு அம்மச்சி என்று பெயர். அவள் ராணி ஆவதில்லை, சிம்மாசனத்தில் உட்காருவதில்லை. அவள் பிள்ளைகளுக்கு ராஜ்யம் இல்லை. மகாராஜாவுக்குப் பின் அவருடைய சகோதரியின் மகன்தான் வருவார். ஆகவே மகாராஜா யாரைக் கல்யாணம் செய்துகொண்டால் ராஜ்யத்துக்கு என்ன? பால் கொண்டுவரும் பெண்ணிலிருந்து வக்கீல்கள் வரை இதைத்தான் கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில்தான் செய்தி வந்தது. மதாம்மா காலையிலேயே வெள்ளைக்கார ரெசிடெண்ட் இருக்கும் ரெசிடென்ஸிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் நேராகத் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய வண்டிக்காரன் மூலமாக எங்களுக்குத் தெரிந்தது: சக்ரவர்த்தி விலகிவிட்டார்.

ஆசிரியைகள் அறையில் மலையாளம் சொல்லிக்கொடுக்கும் முன்ஷியும் இருந்தார். வயதானவர், முடிசூட்டு விழாவுக்கென்று வாழ்த்துச் சுலோகம் ஒன்று பாதி எழுதி வைத்திருந்தவர்.

“போனது போகட்டு. அனந்தரவன் ஆரு?” என்றார். அடுத்து வரவேண்டிய மருமகன் யார் என்று கேட்கிறார். “பெங்ஙளுக்கு ஆண்குட்டிகள் உண்டோ?”

சகோதரிக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு என்று நான் சொன்னேன்.

“மூத்தவன் பேரு சொல்லணும் டீச்சர். விருத்தத்துல அடங்குமான்னு நோக்கட்டே.”

தையல் டீச்சரும் எழுந்து வந்தாள். “முதல் எழுத்து எனிக்கும் வேணும். இங்கிலீஷுல எழுதித் தாங்க.”

“சகோதரியின் பிள்ளைக்கு இல்லை. தம்பிக்குத்தான் பட்டம்” என்றேன்.

“தம்பிக்கா?” அவள் முன்ஷியைப் பார்த்தாள். முன்ஷி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “அப்போ அந்தப் பெங்ஙளோட பிள்ளைக்கு?”

“ஒன்றும் இல்லை.”

“பாவம்” என்றாள். பிறகு, “அல்ல டீச்சரே, எனிக்கு ஒண்ணு மனசிலாகல்லே. அவங்க ரண்டு ஒழிமுறியும் முறைப்படி வாங்கியாச்சு. ராணி வேண்டாம்னா அம்மச்சின்னு விளிக்கட்டு. இதுக்குப் போய் ஒரு மனுஷன் ராஜ்யத்தை விடுவானோ? அவிடே குடும்பத்துல நல்ல வார்த்தை சொல்ல ஒரு மூத்த காரணவர்கூட இல்லியோ?” என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மதாம்மா தையல் அறைக்கு வந்தார். தையல் டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் சட்டத்தின் முன் நின்றார். விரலை எழுத்தின் மேல் கொண்டுபோனார், தொடவில்லை. சக்ரவர்த்தி இளவரசராக மதராசுக்கு வந்தபோது இரண்டு நாள் ரயிலில் போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தவர் அவர். அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது பெண்களுக்குச் சொல்வார். “அவர் எங்களுடையவராக இருந்தார்” என்றார். “அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்காக.” அவருக்கு அழுகை வந்துவிட்டது. மதாம்மா அழுது நாங்கள் பார்த்ததில்லை. திரும்பி நின்றுகொண்டு, திங்கட்கிழமை வரும்போது இந்த எழுத்து என் கண்ணில் படக்கூடாது என்றார்.

தையல் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வயசான ஒருத்தி தனியாக நின்று அழுகிறாள், இது ஒரு பெரிய அவமானம் என்று நினைத்துக்கொண்டு அழுகிறாள். அப்படியில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும். அவள் நினைத்தது அவ்வளவுதான். கிட்டே போய், “நோ ஷேம், மேடம்” என்றாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தானும் ஒரு கணவரை விட்டவள்தான், ஒழிமுறி எழுதியிருக்கிறது, ஜனவரியில் மறுபடி கல்யாணம், ஒன்றும் ஆகிவிடவில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மதாம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

மதாம்மா என் பக்கம் திரும்பி ஒழிமுறி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“இருவரும் உயிரோடு இருக்கும்போதா?”

“ஆமாம்.”

“சட்டம் ஒப்புகிறதா?”

“ஒப்புகிறது.”

அவர் கையை விடுவித்துக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அழுகை நின்றிருந்தது.

கடைசி பீரியடில் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். தையல் டீச்சருக்கு ஒரு வார்த்தையும் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக என்னை. அவர் கோபமாகப் பேசவில்லை. உன் வேலையில் குறை இல்லை என்றார். அந்தக் கல்யாணம் நடக்கும் என்றால் பெண்குழந்தைகள் நடுவில் உனக்கு இடம் இல்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டால் நடந்ததை மறந்துவிடுகிறேன். திங்கட்கிழமை காலை பதில் சொல் என்றார். “ஒரு சக்ரவர்த்திக்குக் கிடைக்காத விதிவிலக்கை நான் உனக்கு எப்படிக் கொடுப்பேன்?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் மலையாளத்தில் சொன்னேன். பிறகு மதாம்மா என் கணவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, “உங்கள் வாழ்க்கையும் எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கவில்லையா? உங்களைப் போல இருக்க இவளுக்கு என்ன தடை, கேளுங்கள்” என்றார். அதையும் சொன்னேன்.

தையல் டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தபின் அவள் சட்டத்திலிருந்து பட்டைப் பிரித்து, பழைய முண்டு ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து நடந்தோம். பழவங்காடியில்தான் வழி பிரிகிறது. அங்கே கணபதி கோயில் முன்னால் எப்போதும்போல் தேங்காய் உடைபடும் சத்தம். வேண்டுதல் உள்ளவர்கள் ஓங்கி எறிவார்கள். அவள் கடையில் ஒன்று வாங்கினாள்.

“டீச்சர் எறியுன்னோ?”

“வேண்டாம். எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை.”

மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் எறிந்தாள். நன்றாக உடைந்தது. முண்டின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“சரி. திங்களாழ்ச்ச நான் வரல்லே டீச்சரே.”

“யோசித்துச் சொல். இந்த மதாம்மா எழுதிக் கொடுக்காமல் வேறு பள்ளியிலும் எடுக்க மாட்டார்கள்.”

“ஆலோசிச்சாச்சு. அம்மைதான் கரைஞ்சு அழும். வித்துராவிலே ஸ்கூல் உண்டோ? இல்லே. இருந்தாலும் எனிக்குத் தராது. எல்லாம் அறியும்.” அவள் சிரித்தாள். “அங்கே ஒருத்தர் ராஜ்யமே வேண்டாம்னு வச்சிட்டுப் போறார். எனிக்கென்னா? நாலு ஊசி, ஒரு கத்திரி.” ஆனால் மூட்டையை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, அதைப் பிரித்து, தெருவில் நின்றபடியே அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் வேறு எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு மறுபடி சுற்றி என்னிடமே கொடுத்தாள். ஜம்பருக்குள்ளிருந்து தன்னுடைய சின்னக் கத்திரியையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“வேறொருத்தி கையிலே கொடுத்தா பட்டைக் கீறிப்போடும். டீச்சர் செய்யுங்க. முன்னாலே தொடப்படாது, கேட்டோ? குப்புற மறிச்சுப் போட்டு, பின்னாலே இருந்து ஓரோ தையலா அறுக்கணும். எல்லாம் அறுத்த பின்ன மெல்ல எடுத்தா ஜரிகை அப்படியே கையிலே வரும்.”

சரி என்றேன்.

அவள் போகத் திரும்பியவள் நின்றாள். “நான் ஒண்ணு கேக்கட்டா? உங்க ஆளுகளுக்கு ஒழிமுறி இல்லேன்னா, பின்ன என்னா செய்யும்?”

“இருப்போம்.”

அவள் தலையை ஆட்டினாள். கூட்டத்தில் அவள் வெள்ளை முண்டு கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு எல்லாம் வெள்ளை முண்டாக இருந்தது.

வீட்டில் அண்ணா எனக்கு முன்பே வந்திருந்தார். மாமியும் இருந்தாள். “விட்டுட்டான், கேட்டியோ? தம்பிக்குப் பட்டமாம்” என்றார் அண்ணா. மாமி, “நன்னா வேணும். ஒரு பொம்மனாட்டிக்காக!” என்றாள். கையில் என்ன மூட்டை என்று மன்னி கேட்டாள். பள்ளிக்கூட வேலை என்றேன். தீர்ப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மன்னி மட்டும், விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, “அவ இனிமே என்ன பண்ணுவா?” என்று கேட்டாள். அந்த அமெரிக்காக்காரியைப் பற்றி அதற்குமுன் அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டேன், குறிப்பை எழுதினேன், படுத்தேன்.

புதிய தையல் டீச்சர் வந்து புதிய எழுத்தைத் தைத்தாள். மே மாதம் ஊர்வலத்தில் அது போயிற்று. பிறகு பள்ளி ஹாலில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. பழைய எழுத்தின் ஊசித் துளைகள் புதிய எழுத்துக்கு வெளியே இரண்டு இடங்களில் தெரியும். கிட்டே போனால் மட்டும். மதாம்மா யுத்தம் தொடங்குமுன் ஊருக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார். இதை எழுதுவதும் அதில்தான்.

யுத்த காலத்தில் ஒருமுறை பழவங்காடியில் தையல் டீச்சரைப் பார்த்தேன். சதை போட்டிருந்தாள். மிஷின் ஒன்று வைத்துத் தோட்டத்துப் பெண்களுக்கு ஜம்பர் தைப்பதாகச் சொன்னாள். “எல்லாம் நேர்த்தையல். ஜரிகை யாருக்கு வேணும், அட்டை கடிக்கிற இடத்துல!” என்றாள். அந்த ராஜாவுக்கு இப்போது என்ன வேலை என்று கேட்டாள். ஏதோ ஒரு தீவில் கவர்னர் என்றேன். “கிட்டிச்சதே பெரிய காரியம்” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏறியபின் ஜன்னல் வழியாகக் குனிந்து, “டீச்சரே, பட்டு கீறிச்சோ?” என்றாள்.

“இல்லை.”

“அப்போ சரி.”

போன வருஷம் சுதந்திரம் வந்தபின் ஹாலில் இருந்த படங்களையெல்லாம் இறக்கினார்கள். பட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் கேட்டு வாங்கி வந்து பெட்டியில் வைத்தேன். இந்த ஆடியில் திருநெல்வேலியிலிருந்து தந்தி வந்தது. மன்னி அழுதாள். நான் தலைமுழுகினேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பத்து நாளைக்கு லீவு எழுதினேன். இப்போதைய தலைமையாசிரியை மலையாளி. எல்லாரையும்போல என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். என் கணவர் பெயரை இனி யாரும் என்னிடம் சொல்லப்போவதில்லை. லீவு முடிந்து பள்ளிக்குப் போவதற்கு முதல் நாள் பெட்டியைத் திறந்து பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளைகள் அப்படியே இருந்தன. மடித்து வைத்துவிட்டு, பழைய குறிப்புகளில் அந்த வாரத்தைத் தேடி எடுத்தேன்.

1936 டிசம்பர் 12, சனிக்கிழமை. எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கும் குளிப்பதற்கும் முன்பே, கொல்லைக்கட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து பட்டைக் குப்புறப் போட்டேன். அவள் சொன்னபடியே பின்பக்கமாக ஒவ்வொரு தையலாக அறுத்தேன். கடைசித் தையலும் அறுந்தபின் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில், கட்டிய நூல் போன பின்பும், எழுத்து அப்படியே இருந்தது.